வினையின் பெயரால் தாயைப் பழித்தல் சைவமாகாது

வினை உண்டு என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. உயிர்கள் தாந்தாம் செய்த நல்வினை தீவினைகளுக்கேற்ப உடம்பெடுத்து, இன்ப துன்பங்களை நுகர்ந்து, மலபரிபாகம் எய்தி, இறைவன் திருவருளால் வீடுபெறும் என்று மெய்கண்ட நூல்கள் வரையறுத்துக் கூறுகின்றன. இவ்வுண்மையை மறுப்பாரோடு வாதிடுதல் ஈண்டு நோக்கமன்று. இவ்வுண்மையைத் தாம் உடன்பட்டதாகக் கூறிக்கொண்டு, அதனைத் தலைகீழாகப் புரட்டி, துயருற்று நிற்கும் ஒரு தாயின்மேற் கல்லாக எறிவாரை மறுத்தலே நோக்கம்.

மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தையை மடியிற் கிடத்தியிருக்கும் தாயைக் கண்டவுடன், "முற்பிறப்பில் என்ன பாவம் செய்தாளோ" என்று கூறுவார் பலர். திருமணப் பந்தலிலும், கோயிற் பிராகாரத்திலும், அவள் புகுந்த வீட்டின் முற்றத்திலும் இச்சொல் வழங்குகின்றது. கல்லாதார் கூறின் அறியாமை என்று விடலாம். திருநீறும் கண்டிகையும் பூண்டு, சித்தாந்த நூல்கள் சிலவற்றைப் பாடங்கேட்டவரும் இச்சொல்லைக் கூறுகின்றனர்; கூறியபின் தாம் ஒரு சாத்திர உண்மையை எடுத்தோதியதாக எண்ணி அமைதியுறுகின்றனர். ஆதலின் சாத்திரங்கொண்டே இஃது ஆராயற்பாலதாயிற்று.

முதற்கண் வினை யாருடையது என்பது நோக்குக. வினை செய்த உயிரையே சாரும். ஓர் உயிரின் வினை பிறிதோர் உயிரிற் சென்று பற்றாது. தநு கரண புவன போகங்கள் அவ்வவ்வுயிரின் வினைக்கேற்ப மாயையினின்றும் இறைவனாற் கூட்டப்படுவன. குழந்தையின் உடம்பு குழந்தையாகிய உயிருக்கு அமைந்த உடம்பு. தாயின் உயிருக்கு அமைந்ததன்று. தாய் செய்த தீவினைக்காகப் பிறிதோர் உயிர் கைகால் முடங்கிக் கிடக்கின்றது என்பார், செய்தவன் ஒருவன் நுகர்பவன் ஒருவன் என்னும் முறைகேட்டை இறைவன்மேல் ஏற்றுவாராவர். அவர் தாயைப் பழிப்பதாக எண்ணுகின்றார். உண்மையில் முதல்வனது நடுவுநிலைமையையே பழிக்கின்றார்.

அற்றேல், "குழந்தையின் குறை குழந்தையின் வினையால் ஆயிற்றெனினும், அக்குழந்தையைப் பெற்று வருந்தும் துன்பம் தாயின் பிராரத்தமன்றோ?" எனின், அவ்வாறே ஆகுக. அதனால் வினவுவார் பெறும் பயன் யாது? பிராரத்தத்தை ஊட்டுபவன் இறைவன், அயலகத்தார் அல்லர். இன்ன துன்பம் இன்ன வினையின் பயன் என்று வரையறுத்து அறியும் முற்றறிவு கட்டுற்ற உயிர்க்கு இல்லை. தன் பிறப்பின் வரலாற்றையே அறியாத ஒருவர், பிறர் பிறப்பின் வரலாற்றை ஒரு நொடியிற் கூறிவிடுதல் ஆணவத்தின் செயல். அன்றியும், நொந்தாளை மேலும் நோகச் செய்யும் அச்சொல் சொன்னவருக்கு ஆகாமியமாய் ஏறும். தாயின் பழைய கணக்கைப் பார்க்கப் புகுந்தவர் தம் கணக்கிற் புதுக்கடன் எழுதிக்கொண்டு மீளுகின்றார்.

இனி, நாயன்மார் வரலாறு இப்பொருளில் எங்ஙனம் நிற்கின்றது என்பது காண்க. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் என்னும் அரசன், முயலகன் என்னும் நோயால் உணர்வற்றுக் கிடந்த தன் மகளைக் கோயிலிற் கொண்டுவந்து இட்டு வருந்தி நின்றான். அங்கெழுந்தருளிய ஆளுடைய பிள்ளையார் அப்பெண்ணைக் கண்டு, இஃது என்னென்று வினவி, அறிந்து, இரங்கிப் பதிகம் பாடியருளினார். அவள் எழுந்து தந்தையிடம் நடந்து வந்தாள். அவளை ஈன்றவள் முன்னை என்ன செய்தாள் என்னும் வினா அவ்வரலாற்றில் எவ்விடத்தும் இல்லை.

திருக்கொடிமாடச் செங்குன்றூரில் நிகழ்ந்தது இதனினும் வெளிப்படை. அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபொழுது, அஃது அந்நிலத்தின் இயல்பென்று எடுத்துரைக்கப்பட்டது. இயல்பென்றும் வினையென்றும் கூறி வாளா இருத்தற்குப் பிள்ளையார் உடன்பட்டாரில்லை. துன்பம் பண்டைவினையின் பயன் என்று பேசத் தெரிந்தவர், அதனினின்றும் உய்யும் வழியை நாடாதிருப்பது குறைபாடே என்னும் கருத்தோடு அப்பதிகம் தொடங்குகின்றது. வினையென்று கூறிக் கைகட்டி நிற்றலைக் கண்டித்த முதல் ஆசிரியர் சைவசமய குரவருள் முதல்வரே என்பது இதனால் தெளியப்படும். அப்பதிகத்தை நாடோறும் ஓதுவாரும் வினையின் பெயரால் உதவியை மறுப்பாராயின், அவர் ஓதியது நாவளவில் நின்றதென்க.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபொழுது பிள்ளையாரும் அரசும் செய்தது என்ன? பசித்தவர் தம் வினையை நுகர்கின்றனர் என்று கூறினாரா? நாடோறும் பொற்காசு பெற்று அமுது சமைப்பித்து ஊட்டினார். சமணம் புகுந்து சூலைநோயுற்று மீண்ட தம்பியைத் திலகவதியார் எங்ஙனம் ஏற்றார்? தன் செயலின் விளைவைத் தான் நுகர்கின்றான் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் உளராயின் அவர் அவ்வம்மையாரே. அவர் அச்சொல்லைச் சொல்லாது, திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவர் அன்று வினைக்கணக்கு எண்ணியிருப்பின் திருநாவுக்கரசர் என்னும் பெருஞ்செல்வத்தைச் சைவவுலகம் இழந்திருக்கும்.

தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருவாரூர்த் திருக்குளத்தைக் கல்ல விரும்பி, குளத்திலும் கரையிலும் தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அவரது குறையை இகழ்ந்து, தறியையும் கயிற்றையும் பறித்தவர் எதிர்ப்பக்கத்தில் நின்றவரே, சைவர் அல்லர். இன்று உறுப்புக் குறையுடைய குழந்தையையும் அதன் தாயையும் இகழ்வோர் தாம் எப்பக்கத்தில் நிற்கின்றனர் என்பதைச் சேக்கிழார் பெருமான் நூலிற் கண்டு தெளிவாராக. சக்கர நாற்காலி செல்லும் சாய்வழி ஒன்று கோயில் வாயிலில் வேண்டுமெனின் முகஞ்சுளிப்போர்க்கும் இதுவே விடை. அச்சாய்வழி தண்டியடிகளின் கயிறே.

அளவையாலும் இப்பழி நில்லாது. காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளையும் சித்தாந்தம் உடன்படும். காட்சியாலும் கருதலாலும் மருத்துவர் கண்டவற்றை உரையின் பெயரால் தள்ளுதல் சித்தாந்தியின் நெறியன்று. மூளை முடக்குவாதமென்பது வளரும் மூளைக்குப் பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்பொழுதோ, பிறந்த சின்னாளிலோ நேர்ந்த ஊறுபாட்டால் உண்டாவது. குறைமாதப் பிறப்பு, உயிர்வளி போதாமை, தொற்றுநோய், பிறந்த குழந்தைக்கு மிகுதியாய்க் கண்ட மஞ்சட்காமாலை முதலியன அதற்குக் காரணமாகும். தாய்வழி, தந்தைவழி இருபாலும் மறைந்து வரும் மரபணுக்குறை ஒருங்கு கூடினால் விளையும் நோய்களும் பல; அவற்றிற் பாதி தந்தையின் கொடை. அங்ஙனமிருந்தும் பழி முழுதும் தாயின் தலைமேல் விழுதற்குக் காரணம் சாத்திரமன்று. அவள் எதிர்த்துப் பேசாள் என்னும் துணிவே.

காரணத்தை நாடினோர் உலகிற்குச் செய்த நன்மையையும் நோக்குக. ஆஸ்திரேலிய நாட்டுக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பவர், கருவுற்ற காலத்தில் தாயைப் பற்றிய ரூபெல்லா நோயே பல குழந்தைகள் கண்படலத்தோடு பிறத்தற்குக் காரணமென 1941இல் வெளிப்படுத்தினார். அதன் பயனாய் எழுந்த ஆராய்ச்சி தடுப்பூசியில் முடிந்தது. 2017இல் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளிற் குழந்தைகட்குத் தட்டம்மை ரூபெல்லாத் தடுப்பூசி இடும் இயக்கம் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டளவில் ஒரு செவிலி, வெயிற்பட்ட இடத்திற் குழந்தையின் மஞ்சள் நிறம் வெளுத்ததைக் கண்டு கூறினார்; அதிலிருந்து ஒளிச்சிகிச்சை பிறந்து எண்ணிறந்த குழந்தைகளின் மூளையைக் காத்தது. முதுகுத்தண்டுக் குறையோடு ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார் கருவுறுமுன்னரே போலிக் அமிலம் உட்கொள்ளின், அக்குறை மீண்டும் வருதல் பத்தில் ஏழு பங்களவு குறையும் என்பது 1991இல் நிறுவப்பட்டது. இவர்களெல்லாம் வினையென்று கூறி அமர்ந்திருப்பின் இவற்றில் ஒன்றும் நிகழ்ந்திராது. காரணம் அறிந்து துன்பம் களைதலும் திருவருளின் வழியே.

தாயைப் பழித்தல் சைவர் சிலரிடத்து மட்டும் உள்ள பிழையன்று. கற்றவர் அவையிலும் அது வேறு உடை தரித்து உலவியது. ஆட்டிசம் என்னும் நிலையை 1943இற் பதினொரு குழந்தைகளைக் கொண்டு விவரித்த லியோ கானர், பெற்றோரின் அன்புக்குறைவையும் உடன் குறித்தார். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூலில் அக்குறையைத் தாயின் நெஞ்சக் குளிர்ச்சிமேல் ஏற்றினார். அதற்கு முன்னரே, 1964இல், அத்தகைய மகனைப் பெற்ற தந்தையும் உளநூலறிஞருமாகிய பெர்னார்டு ரிம்லாண்டு, இது மூளையின் அமைப்பைப் பற்றியதென்றும் தாயின் குற்றமன்றென்றும் நூலெழுதி மறுத்திருந்தார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளிடத்து நிகழ்த்திய ஆராய்ச்சி பிறவிக்கூறு உண்மையை வலியுறுத்திற்று. தாய்மேற் பழி வீழ்ந்தது. நூலோர் கொள்கை பின்னர் மாறிற்று. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை தாய்மார் தம்மைத் தாமே வெறுத்துக் கண்ணீர் விட்டனர் என்பதற்குக் கணக்கில்லை. ஆங்கு உளநூலின் பெயரால் நிகழ்ந்தது ஈங்கு வினைநூலின் பெயரால் நிகழ்கின்றது. பெயர் வேறு, கொடுமை ஒன்றே.

இப்பழியின் கனத்தை உணரவேண்டுமாயின் அத்தாய் ஒருநாளிற் செய்யும் தொழிலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எட்டு வயதாகியும் தானே எழுந்து உட்கார மாட்டாத குழந்தையை அவள் விடியலில் தூக்குகின்றாள். புரையேறாதபடி தலையைத் தாங்கிச் சிறு கரண்டியால் ஊட்ட ஒரு வேளைக்கு ஒரு மணிநேரம் செல்லும். கழுவி, நீராட்டி, உடைமாற்றி, இறுகிய கைகால்களை இயன்முறை மருத்துவர் கற்பித்தபடி நீட்டி மடக்குகின்றாள். படுக்கைப்புண் வாராமைப்பொருட்டுப் பக்கம் மாற்றிக் கிடத்துகின்றாள். வலிப்புக்கு மருந்து வேளை தவறலாகாது. இடையே மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதலும், கணவனுக்குச் சமைத்தலும், மாமியாருக்குப் பத்தியம் பார்த்தலும் உள. இரவில் குழந்தை விழிக்குந்தோறும் அவளும் விழிக்கின்றாள். குழந்தை வளருந்தோறும் எடை ஏறுகின்றது. தூக்குபவளின் வயதும் ஏறுகின்றது.

பொதுவாகவே வீட்டுவேலையின் சுமை இந்நாட்டிற் பெண்டிர்மேல் மிகுதி. 2019இல் இந்திய அரசு எடுத்த காலப்பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்டிர் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆடவர் 97 நிமிடமும் செலவிட்டனர். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர். இது பொதுநிலை. இதன்மேல் மேற்கூறிய பணியும் ஏறினால் அவ்வுடம்பு எத்தனை நாள் தாங்கும்?

2004இல் அமெரிக்க நாட்டில் எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் முதலியோர் நெடுநோயுற்ற குழந்தைகளைப் பேணும் தாய்மாரது குருதியணுக்களை ஆராய்ந்தனர். அணுவின் மரபிழை நுனியிலுள்ள டெலோமியர் என்னும் காப்பு, வயது ஏறுந்தோறும் குறுகுவது. பேணிய ஆண்டுகள் மிகுந்த தாய்மாரிடத்து அது மிகக் குறுகியிருந்தது. ஆராயப்பட்ட பெண்டிருள் மிக்க மனவழுத்தம் உடையவரிடத்து, அழுத்தம் குறைந்தவரினும் பத்தாண்டேனும் கூடுதலாக முதுமை வந்தாற்போன்ற அளவு குறுகியிருந்தது. துயரம் உடம்பை அரிக்கும் என்று முன்னோர் கூறியது உவமையன்று. அணுவளவிற் காணக்கிடந்த உண்மை.

அவள் தன் நோயை யாரிடம் கூறுவாள்? முதுகுவலிக்கு ஓய்வு வேண்டுமென்பார் மருத்துவர். ஓய்ந்தால் குழந்தையைத் தூக்குவார் யார்? மார்பிற் கட்டி ஒன்று தென்பட்டும், குழந்தையை ஒப்படைத்துச் செல்ல ஒருவர் இன்மையால் மருத்துவமனைக்குப் போவதைத் திங்கள் திங்களாக ஒத்திவைப்பாரும் உளர். இத்தகையாளை நோக்கிச் சிலர், "தாய்மை ஒரு தவம், அவள் பொறுமையின் வடிவம், தெய்வம்" என்று புகழ்கின்றனர். பழித்தலினும் இப்புகழ்ச்சி நன்றென்று தோன்றும். உண்மையில் இது பழியின் மறுபுறமே. பழிப்பவர் அவள் துன்பத்திற்கு உரியவள் என்று கூறி உதவாது செல்கின்றார். புகழ்பவர் அவள் துன்பத்தைத் தாங்கவல்லவள் என்று கூறி உதவாது செல்கின்றார். இருவர் கையும் வெறுங்கையே. தவமாவது தானே விரும்பி மேற்கொள்வது. பிறர் கைவிட்டமையால் நேர்ந்த தனிமையைத் தவமென்று பெயரிடுதல் சொல்லையும் கெடுக்கும், தாயையும் கெடுக்கும்.

உடம்பைப் பேணாமையே சமயத்திற்கு உரியதென்று கூறுவார் திருமூலநாயனாரை மறந்தவர். ஒருகால் இழுக்கென்று எண்ணப்பட்ட உடம்பினுள்ளே முதல்வன் வீற்றிருத்தலைக் கண்டபின் அதனைப் பேணலானமையை அவர் தெளிவாகக் கூறியுள்ளார். குழந்தையின் உடம்பு கோயிலெனின் தாயின் உடம்பும் கோயிலே. ஒரு கோயிலைப் புதுக்குதற்கு மற்றொரு கோயிலை இடித்துக் கல்லெடுப்பார் உண்டோ? தாய் வீழ்ந்தால் குழந்தையும் உடன் வீழும். ஆதலின் அவள் உறங்கும் ஒரு மணிநேரமும், உண்ணும் ஒரு பிடி சோறும், தன் நோய்க்கு உட்கொள்ளும் மருந்தும் தன்னலமல்ல. குழந்தைக்குச் செய்யும் தொண்டின் பகுதியே.

இங்ஙனமிருக்க, குறை நீங்கும்பொருட்டு அவளை மேன்மேலும் விரதங்களில் ஏவுவாரும் உளர். இரத்தம் வற்றிய உடம்போடு உபவாசம் இரு என்பார். மண்சோறு உண் என்பார். அங்கப்பிரதட்சிணம் செய் என்பார். நேர்ந்து முடித்தபின் குழந்தை எழுந்து நடவாதாயின், அன்பிற் குறை வைத்தாள் என்று மீண்டும் அவளையே பழிப்பார். விரதம் தண்டனையன்று, மனம் பொறிவழிப் போகாது நிற்றற்பொருட்டு இறைவனை வழிபடும் நெறி. சைவாசாரங்களில் மிக்க கண்டிப்புடைய ஆறுமுகநாவலரும் தம் சைவவினாவிடையில், உபவாசம் இயலாதார்க்கு ஒருபொழுது உணவு முதலாக இலேசான முறைகளை வகுத்துள்ளார். நாவலர் விட்ட இடத்தில் அயலகத்தார் இறுக்குதல் என்னை? நோயுற்ற தாய் ஐந்தெழுத்தை ஒருகால் ஓதித் திருநீறிட்டு உண்டு உறங்குவாளாயின் அதுவே அவளுக்கு அமைந்த விரதமென்க.

"குறையுடைய பிறவியால் உயிர்க்குப் பயன் யாது?" என்றும் சிலர் வினவுவர். சித்தாந்தம் கற்றார் இவ்வினாவை எழுப்பலாகாது. உறுப்புக்குறை கருவிகளைப் பற்றியது. உயிரின் தகுதியைப் பற்றியதன்று. மேலும், எவ்வுயிரும் தானே நிற்கவல்லதன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. கண்ணுக்குக் காட்டவும் காணவும் ஓர் ஒளி வேண்டியவாறே, உயிருக்குக் காட்டியும் கண்டும் உதவ இறைவன் வேண்டும் என்பது மெய்கண்டார் மரபு. கேவலத்திற் கிடந்த எல்லா உயிரும் கைகால் இழந்த குழந்தையே. எல்லா உயிரையும் மடியிற் கிடத்தி ஊட்டுபவள் அம்மையே. ஆகவே பிறரைச் சார்ந்து வாழும் குழந்தையை இகழ்பவர் தம் உயிரின் உண்மை நிலையை அறியாதவர். அக்குழந்தையைத் தாங்கும் தாயோ, திருவருள் உயிர்களைத் தாங்கும் முறையை நாள்தோறும் செய்துகாட்டுபவள்.

"இவையெல்லாம் அரசின் கடமை, சமயப் பத்திரிகைக்கும் சைவ சபைக்கும் இதில் என்ன தொழில்?" எனின், அரசின் கடமை உண்டு, அது சட்டமாயும் உள்ளது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறை, பல்குறை உடையோர்க்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோர்க்குப்பின் காப்பாளர் யார் என்னும் அச்சத்திற்கு அதில் வழியுண்டு. அதன் நிராமயா திட்டத்தில் ஓராண்டிற்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழுவகைக் குறைகளையே கூற, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. மிக்க துணை வேண்டுவோர்க்குப் பேணுநர் படியும் அரசின் திட்டங்களில் அமைதல் வேண்டுமென்றது. பலர் காணக் குறையுடையாரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. தமிழ்நாட்டு அரசு கடுங்குறையுடையார்க்கு வழங்கும் திங்களுதவி 2023ஆம் ஆண்டு சனவரி முதல் 1500 ரூபாயிலிருந்து 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆயினும் அரசு பணம் கொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு வந்து குழந்தையைத் தாங்காது. விண்ணப்பம் எழுதவும் அலுவலகத்திற் காத்திருக்கவும் அத்தாய்க்கு நேரம் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டிற் குறையுடையோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரவர். இவருள் ஒவ்வொரு குழந்தையின் பின்னும் பெரும்பாலும் ஒரு தாய் நிற்கின்றாள். அவளுக்கும் அரசின் உதவிக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்து கடக்க ஓர் ஆள் வேண்டும். அவ்வாள் அடியவராயிருத்தலின் இழுக்கென்ன?

இறைவன் தானே இத்தொழிலை இழிவென்று கருதினானல்லன். திருச்சிராப்பள்ளியில் இரத்தினாவதி என்னும் வணிகமகள் மகப்பேறு நெருங்கிய காலத்தில், காவிரி வெள்ளத்தால் அவள் தாய் அக்கரையில் தடைப்பட்டு நின்றாள். அப்பொழுது சிவபெருமான் அத்தாயின் வடிவாய் வந்து, மருத்துவமும் பணிவிடையும் செய்து, தாயுமானவன் என்னும் பெயர் கொண்டான். மதுரையில் துணையற்ற முதியவளாகிய வந்திக்குக் கூலியாளாய் வந்து மண் சுமந்தான். இவ்விரண்டிடத்தும் அவன் "உன் வினை" என்று கூறவில்லை, கை கொடுத்தான். முதல்வன் ஏற்ற பணியை அடியான் ஏற்க நாணுவானாயின், அவன் யாருடைய அடியான்?

ஆதலின் செய்யற்பாலன இவை. ஒவ்வொரு சைவ சபையும் தன் ஊரில் இத்தகைய தாய்மார் எத்தனைபேர் உளர் என்று கணக்கெடுப்பதாக. வாரத்தில் ஒருநாள், மூன்று மணிநேரம், குழந்தையைப் பேணும் முறையைத் தாயிடமே கற்றுக்கொண்ட ஒரு பெண்மணி அவ்வீடு சென்று அவளை விடுவிப்பாராக. அந்த மூன்று மணிநேரத்தில் அவள் மருத்துவரைக் காண்பாள், அல்லது உறங்குவாள், எதற்கென்று கேட்டல் வேண்டா. குருபூசைக்கு ஆயிரவர்க்கு அமுதிடும் மடங்கள், ஊரிலுள்ள சிலர்க்கு இரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்க வழிசெய்தல் அரிதன்று. படித்த இளைஞர் அரசின் உதவிகட்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாராக. கோயில்களில் சாய்வழி அமைப்பாராக. பெரிய கோயில்கள் சிலவற்றில் உள்ள சக்கர நாற்காலி சிறிய கோயில்களிலும் இருப்பதாக. சந்நிதியிற் குழந்தை குரலெழுப்பினால் திரும்பிப் பார்த்து முணுமுணுப்பதை ஒழிப்பாராக. அக்குரல் ஓதுவார் குரலினும் முன்னர் இறைவன் செவியிற் படாதென்று யார் கண்டார்? தந்தையரும் இதிற் பங்குடையர். குழந்தையை நீராட்டுதலும் இரவில் ஒருமுறை விழித்தலும் ஆண்மைக்குக் குறைவு தருவன அல்ல. தாயுமானவனை வணங்குவோர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

இவற்றில் ஒன்றும் செய்ய இயலாதார் ஒன்றேனும் செய்யலாம்: "என்ன பாவம் செய்தாளோ" என்னும் அச்சொல்லைத் தம் நாவினின்றும் நீக்கலாம். அதற்குப் பொருளும் வேண்டா, பொழுதும் வேண்டா. நீக்கிய இடத்தில், "அம்மா, இன்று நீர் உண்டீரா?" என்னும் ஒரு வினாவை வைப்பாராக. வினைக்கொள்கை பிறர் துன்பத்தைக் கண்டு அமைதியுறுதற்கு அமைந்ததன்று. தன் செயலுக்குத் தானே பொறுப்பென்று ஒவ்வொருவரும் நடுங்குதற்கு அமைந்தது. அதனைத் தன்பால் நோக்கிக் கொள்பவனே சித்தாந்தி. பிறர்பால் எறிபவன் சித்தாந்தத்தின் பெயரைச் சுமப்பவன்.

திருச்சிற்றம்பலம்.